பின் சக்கரத்தில் எண்ணெய்க் கறை: பழைய வண்டிகளின் ஆக்சில் கசிவும் உரிமையாளர் அறிய வேண்டியவையும்

பொலேரோ, சுமோ, அம்பாசடர், ஆம்னி, கமாண்டர் ஜீப் போன்ற வண்டிகளில் பின் சக்கரங்கள் இரண்டையும் இணைத்துக் குறுக்கே கிடக்கும் இரும்புக் கூட்டை மெக்கானிக்குகள் ஹவுசிங் என்பார்கள். நடுவில் பூசணிக்காய்போல் புடைத்திருக்கும் பகுதிக்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கில் திருப்பிச் சக்கரங்களுக்கு அனுப்புவது இந்த ஜோடிதான். கிரவுனின் அடிப்பகுதி எண்ணெயில் மூழ்கியிருக்கும். அது சுழலும்போது வாரி இறைக்கும் எண்ணெயே மற்ற பற்களுக்கும் பேரிங்குகளுக்கும் போய்ச் சேருகிறது. எண்ணெயைத் தள்ளிவிட இங்கே பம்பு எதுவும் இல்லை.

சிறிய வண்டிகளில் இந்த எண்ணெயின் மொத்த அளவு 1 முதல் 2 லிட்டர்தான். இன்ஜின் ஆயில் குறைந்தால் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். அளவுக்குச்சியை உருவியும் பார்க்கலாம். கிரவுன் ஆயிலுக்கு விளக்கும் இல்லை, குச்சியும் இல்லை. அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றி விரலை விட்டால்தான் அளவு தெரியும். பழைய வண்டிகளில் இதை ஆண்டுக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆகவே சக்கரத்தின் உட்பக்கம் தெரியும் எண்ணெய்க் கறைதான் பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. வண்டி தரும் எச்சரிக்கைகளில் அது ஒன்றே மலிவானதும்கூட.

எண்ணெய் வெளியேறும் வழிகள் சில. ஹவுசிங்கின் இரு முனைகளிலும், ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், ரப்பர் உதடு கொண்ட வளையம் ஒன்று இருக்கும். அதுதான் ஆயில் சீல். முன்புறம் புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் பினியன் சீல் இருக்கிறது. நடுப்புடைப்பை மூடும் தகட்டின் பேக்கிங், எண்ணெய் ஊற்றும் போல்ட், வடிக்கும் போல்ட் ஆகியவற்றிலும் கசியலாம். பாரம் ஏற்றி அடிபட்ட வண்டிகளில் வெல்டிங் ஓரத்து விரிசலிலும் கசியும். ஹவுசிங்கின் மேற்புறம் கொண்டைபோல் நிற்கும் பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாகவும் எண்ணெய் கக்கும். எல்லாக் கசிவும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பேக்கிங்கில் கசிவது தரையைக் கறைப்படுத்தும், அளவைக் குறைக்கும். முனை சீலில் கசிவது நேராக பிரேக் டிரம்முக்குள் போகும்.

ஆபத்து எங்கே இருக்கிறது

டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவின் லைனிங், உராய்வை நம்பி வேலை செய்யும் பொருள். உராய்வைக் குறைப்பதற்கென்றே உருவான கியர் ஆயில் அதன்மேல் படிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு: இரண்டு பின் சக்கரங்களும் பெரும்பாலும் சேர்ந்தாற்போல் பிடிப்பை இழப்பதில்லை. பொதுவாக ஒரு பக்கத்து சீல்தான் முதலில் போகும். பிரேக்கை அழுத்தும்போது ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது வழுக்கும். வண்டி பக்கவாட்டில் இழுபடும். காய்ந்த சமவெளிச் சாலையில் இது ஒரு சிறு அசௌகரியமாகத் தெரியலாம். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலோ, 40 வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையிலோ, மழை ஈரத்தில், ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும் பழைய ஜீப்பில் இதுவே விபத்துக்குக் காரணமாகிவிடும்.

கை பிரேக்கும் இதில் அடக்கம். இத்தகைய வண்டிகளில் கை பிரேக் பொதுவாகப் பின் டிரம்களையே பிடிக்கிறது. எண்ணெய் ஊறிய ஷூவை நம்பிச் சரிவில் நிறுத்திய வண்டி, தானே உருளத் தொடங்கலாம். டிரம்மிலிருந்து வெளியே தெறிக்கும் எண்ணெய் டயரின் உட்பக்கச் சுவரையும் நனைக்கிறது. நாளடைவில் ரப்பரைக் கெடுக்கிறது.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வருவது. அளவு குறையக் குறையக் கிரவுன் வாரி இறைக்கும் எண்ணெய் போதாமல், பினியன் பேரிங் முதலில் காயும். 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் 'ஊய்' என்ற ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கினால் பற்களின் மேற்பரப்பு ஏற்கெனவே தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நூறு ரூபாய் சீலில் முடிய வேண்டிய வேலை, பல ஆயிரம் ரூபாய் கிரவுன்–பினியன் ஜோடியில் போய் நிற்கிறது.

மூன்றாவது அரிது, ஆனால் நேர்ந்தால் மிகக் கொடியது. இந்தச் சிறிய வண்டிகள் பலவற்றில் ஆக்சில் ஷாஃப்ட்டே வண்டியின் எடையையும் சுமக்கிறது. பேரிங்கும், அதைப் பிடித்திருக்கும் வளையமும் ஷாஃப்ட்டில் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். பேரிங் சிதைந்து அந்த வளையம் நகர்ந்தால், ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடலாம். லாரிகளில் ஹப் தனியே எடையைத் தாங்குவதால் இந்த ஆபத்து இல்லை. அங்கே உள் ஹப் சீல் போனால் பிரேக் நனைவது மட்டுமே முதல் கவலை.

எது கசிகிறது என்று முதலில் அறிதல்

பின் சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக இருந்தால் உடனே ஆக்சில் சீல் என்று முடிவுகட்டுவது பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் தவறு. அதே இடத்தில் நான்கு வகை ஈரம் வரலாம். வீல் சிலிண்டர் பழுதானால் பிரேக் ஆயில் கசியும். ஷாக் அப்சார்பர் போனால் அதன் எண்ணெய் வழியும். ஹப் கிரீஸ் சூட்டில் உருகினாலும் எண்ணெய்போலவே தோன்றும். மிச்சம் இருப்பதுதான் கியர் ஆயில்.

மூக்கும் விரலும் இங்கே போதும். கியர் ஆயில் தடித்தது, விரல்களுக்கிடையே பிசுபிசுத்து இழைபிடிக்கும். கந்தகச் சேர்மங்கள் கலந்திருப்பதால் அழுகிய பூண்டுபோல் ஒரு நெடி அடிக்கும். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். பிரேக் ஆயில் தண்ணீர்போல் மெலிந்தது. பட்ட இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரியும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம்: கியர் ஆயில் மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்துவிடும். பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு இறங்கியிருந்தால் அது வலுவான சாட்சி. அப்படியானால் ஆக்சிலைத் தொடவே தேவையில்லை. ஆனால் வண்டியை ஓட்டவும் கூடாது.

மாருதி 800 போல முன் சக்கரங்கள் இழுக்கும் கார்களுக்குப் பின்னால் கிரவுனே கிடையாது. அங்கே 'ஆக்சில் ஆயில் கசிவு' என்று சொல்லப்படுவது, கியர் பாக்ஸிலிருந்து டிரைவ் ஷாஃப்ட் வெளியேறும் இடத்துச் சீல் கசிவதுதான். இழப்பது கியர் பாக்ஸ் எண்ணெய் என்பதால் அதையும் தள்ளிப்போடக் கூடாது.

கியர் ஆயில்தான் என்று உறுதியான பின், எந்த இடத்திலிருந்து என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியின் அடிப்பகுதி முழுவதும் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து அடையாகப் படிந்திருக்கும்; அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. மண்ணெண்ணெயோ டீசலோ கொண்டு ஹவுசிங்கைத் துடைத்து, காயவிட்டு, முகப்பவுடரைத் தூவி, 10, 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் வாய். காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும் என்பதால் கறையின் மிக முன்னால், மிக மேலே இருக்கும் புள்ளியையே தேட வேண்டும். இரவில் அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால் எத்தனை சொட்டு, எந்த இடத்தில் என்று காலையில் தெரியும். பவுடரைத் தூவும்போது டிரம்முக்குள் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹவுசிங் லேசாக வியர்த்ததுபோல் ஈரமாக இருந்து, சொட்டு விழாமல், மாதக்கணக்கில் அளவும் இறங்காமல் இருந்தால் அவசரப்படத் தேவையில்லை. இருபது வயது வண்டிக்கு அது இயல்பு. டிரம்மின் அடி விளிம்பில் ஈரம் இருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

சீல் கசியும் இடம்தான், காரணம் அல்ல

புதிய சீல் போட்ட இரண்டே மாதத்தில் மறுபடி கசிகிறது என்ற புலம்பல் எல்லா ஊரிலும் கேட்கிறது. பெரும்பாலும் சீல் மட்டமானதாக இருப்பதில்லை. அதை அழித்த காரணத்தை யாரும் தொடவில்லை என்பதுதான் உண்மை.

முதல் சந்தேகம் பிரீதர்மேல் விழ வேண்டும். ஓடும்போது ஹவுசிங் சூடேறி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேறத்தான் அந்தச் சிறு துளை. சேறும் துருவும் அடைத்துக்கொண்டால், அழுத்தம் எண்ணெயைச் சீல்களின் உதட்டைத் தாண்டித் தள்ளுகிறது. இரண்டு முனைகளிலும் பினியனிலும் ஒரே சமயத்தில் கசிவு தொடங்கினால் மூன்று சீல்களும் ஒன்றுசேர்ந்து பழுதாயின என்று எண்ணுவதைவிட பிரீதர் அடைத்தது என்று எண்ணுவதே பொருத்தம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வாயால் ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். செலவில்லாத வேலை என்பதாலேயே பட்டறையில் யாரும் இதை நினைப்பதில்லையோ என்று தோன்றும்.

அளவுக்கு மீறி ஊற்றுவதும் இதே விளைவைத் தரும். வண்டி சமதளத்தில் நிற்க, எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை நிற்பதே சரியான அளவு. ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றிய நிலையில் ஊற்றினால் கணக்கு தவறும். நாள்தோறும் சாலையோரச் சரிவில், இடப்பக்கச் சக்கரங்கள் தாழ்ந்திருக்க நிறுத்தப்படும் வண்டியில் எண்ணெய் அந்தப் பக்கம் தேங்கி நிற்பதால் இடப்பக்க சீலுக்கே கூடுதல் வேலை.

அடுத்தது பேரிங். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தால், சுழலும் ஷாஃப்ட் மையத்தில் நிற்கவில்லை என்று பொருள். ரப்பர் உதடு எவ்வளவு புதிதானாலும் தள்ளாடும் ஷாஃப்ட்டைப் பின்தொடர முடியாது. பேரிங்கை விட்டுவிட்டு சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

ஷாஃப்ட்டில் விழும் பள்ளமும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உரசிய சீல் உதடு, இரும்பிலேயே வட்டமாக ஒரு கோட்டைத் தோண்டிவிடும். நகத்தை ஓட்டினால் சிக்கும். அந்தப் பள்ளத்தின்மேல் புதிய சீல் அமர்ந்தால் அடுத்த நாளே கசியும். 0.28 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள மெல்லிய எஃகுச் சட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. அதை ஷாஃப்ட்டில் ஏற்றினால் சீலுக்குப் புதிய மேற்பரப்பு கிடைக்கும். அது கிடைக்காத ஊரில், சீல் அமரும் இருக்கையில் இடமிருந்தால், சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்தி உதடு வேறிடத்தில் உரசும்படி செய்வது பழைய மெக்கானிக்குகளின் உத்தி. அது நன்றாகவே வேலை செய்கிறது.

வெள்ளம் இன்னொரு காரணம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற, தண்ணீரில் ஓடிய வண்டிகளுக்கு இது பொருந்தும். சூடான ஹவுசிங் குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சுகிறது. வடிக்கும் போல்ட்டைத் திறந்தால் பால் கலந்த காபி நிறத்தில் எண்ணெய் வரும். அந்த எண்ணெய்க்கு உயவுத்தன்மை போதாது. பேரிங்கிலும் துரு பிடிக்கும். அச்சு வரை தண்ணீரில் ஓட்டிய எந்த வண்டிக்கும் கிரவுன் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

கசிவைக் குறைக்க 90 ஆயிலுக்குப் பதில் தடித்த 140 ஆயிலை ஊற்றுவதும், வெளியே எம்-சீல் அப்புவதும் பரவலான கைவைத்தியங்கள். முன்னது சில வாரம் சொட்டைக் குறைக்கும். பேரிங் ஆட்டத்தையோ அடைத்த பிரீதரையோ சரிசெய்யாது. பின்னது சுழலும் பாகத்தில் நிற்கவே நிற்காது.

பழுதுபார்க்கும் வரிசை

வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிய கணத்தில் கை பிரேக் பயனற்றதாகிறது. அது பிடிக்கும் சக்கரங்கள்தான் அந்தரத்தில் தொங்குகின்றன. எனவே முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கி போட வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டு. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் சொல்லாமல் நொறுங்கும்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதன் நுண்ணிழை நுரையீரலுக்குள் போய்த் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் நோயாக வெளிவரும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. பட்டறைப் பையன்களை இந்த வேலைக்கு உட்காரவைத்து ஊதச் சொல்லும் காட்சி இன்றும் மறையவில்லை.

ஷாஃப்ட்டை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்து, இருக்கையைக் கீறலின்றித் துடைக்க வேண்டும். புதிய சீலின் எண் பழையதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியதுண்டு. உதட்டில் எண்ணெய் தடவி, சுருள் கம்பி இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கியிருக்க, சீலின் வெளி விட்டத்துக்கு ஒத்த ஒரு வளையத்தை வைத்துச் சீராகத் தட்டி இறக்க வேண்டும். சுத்தியலால் ஓரத்தில் அடித்தால் சீல் கோணும். கோணிய சீல் கசியாமல் இருக்காது. ஷாஃப்ட்டைத் திரும்பச் செருகும்போது அதன் பல்வரிசை புதிய உதட்டைக் கிழிப்பது இன்னொரு விபத்து. ஷாஃப்ட்டின் பாரம் சீல்மேல் படியாமல் இரு கையாலும் தாங்கி நுழைக்க வேண்டும்.

பேரிங் மாற்றினால் அதைப் பிடித்திருக்கும் வளையமும் புதிதாக வேண்டும். பழையதை மறுபடி ஏற்றக் கூடாது. இதற்குப் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கே போக வேண்டும், சுத்தியல் வேலை உதவாது. பினியன் சீலில் வேறொரு நுணுக்கம் உண்டு. அங்கே உள்ள நட்டின் இறுக்கம்தான் பினியன் பேரிங்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கழற்றும் முன் நட்டின் இடத்தைக் குறித்துவைக்காமல் கண்ணை மூடி இறுக்கினால், கசிவு நின்று ஊளைச் சத்தம் தொடங்கும்.

இனி ஷூ. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்து, சில இடங்களில் தீயில் வாட்டியும் மறுபடி போடுகிறார்கள். மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரியும். லைனிங் நுண்துளைகள் நிறைந்தது; முதல் நீண்ட இறக்கத்தில் சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். ஊறிய ஷூவுக்கு மாற்றுவது தவிர வேறு தீர்வில்லை. அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரு பக்கப் பிடிப்பும் வேறுபடும் என்பதால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். மொத்த வேலையிலும் உரிமையாளர் பேரம் பேசக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

கடைசியில் எண்ணெய். கிரவுன்–பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி அழுத்துவதால் அதற்கு ஜிஎல்-5 தரம் கேட்கும். 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-140 என்பது கையேட்டில் இருக்கும். மிச்சத்தைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடக் கூடாது. அங்குள்ள பித்தளை வளையங்களுக்கு ஜிஎல்-4 தரமே ஏற்றது என்று பல கையேடுகள் சொல்கின்றன. அனபாண்ட் பசை தடவிய பேக்கிங்கை உலரவிட்டே ஊற்ற வேண்டும். ஓரிரு நாள் ஓடியபின் டிரம்மின் அடி விளிம்பை மறுபடி பார்த்து, 500 கிலோமீட்டரில் அளவையும் ஒருமுறை சோதித்துவிட்டால் வேலை முடிந்தது எனலாம்.

சட்டம் உரிமையாளரிடம் கேட்பது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 190-ஆம் பிரிவு, ஆபத்தான குறைபாடுள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதையும் ஓட்ட அனுமதிப்பதையும் குற்றமாக்குகிறது. குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை; சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக் கூடியதாக இருந்தாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் யாருக்கேனும் காயமோ சொத்துச் சேதமோ நேர்ந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சக்கரத்தில் எண்ணெய் வழிவது ஓட்டுநர், உரிமையாளர் இருவர் கண்ணுக்கும் படக்கூடியது என்பதை மறக்கக் கூடாது.

வாடகை, சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்சி, 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குப் பின் ஆண்டுதோறும் தேவை. சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரேக் சோதனையில் ஒரு பக்கம் பிடிக்காவிட்டால் வண்டி திருப்பி அனுப்பப்படலாம். ஆய்வுக்கு முந்தின நாள் அடிப்பகுதியைக் கழுவிக் கறையை மறைப்பது கசிவை நிறுத்துவதில்லை.

காப்பீட்டை இதற்கு நம்ப முடியாது. வழக்கமான மோட்டார் பாலிசிகள் தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் விலக்கியே வைத்திருக்கின்றன. சீல், பேரிங், கிரவுன் செலவு உரிமையாளருடையது.

பட்டறையிடம் கேட்க வேண்டியது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, கட்டணம் வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பு ஒரு சேவை. அதில் தரக்குறைவு இருந்தால் அது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பதே தனியாக ஒரு நியாயமற்ற வணிக நடைமுறையாக இந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தெரிந்த மெக்கானிக்கிடம் பில் கேட்கக் கூச்சப்படுவதுதான் பெரும்பாலான வழக்குகள் தொடங்கும் முன்பே தோற்பதற்குக் காரணம். சீலின் எண், பேரிங்கின் நிறுவனம், எண்ணெயின் தரம், கூலி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட ஒரு தாளே போதும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டின், ஊறிய ஷூவின் படத்தைக் கைபேசியில் எடுத்துவைப்பதும் உதவும்.

வண்டியை ஒப்படைத்த நேரம் முதல் திரும்பப் பெறும் வரை அதன் பாதுகாப்பு பட்டறையின் பொறுப்பு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 இதை ஒப்படைவு என்கிறது. தன் சொந்தப் பொருளைக் காக்கும் சாதாரண அறிவுள்ளவரின் கவனம் பட்டறைக்கு இருக்க வேண்டும். அதே சட்டத்தின் 170-ஆம் பிரிவு மறுபக்கத்தையும் பேசுகிறது: உழைப்பும் திறமையும் செலுத்திச் செய்த வேலைக்குக் கூலி தரப்படாதவரை, வேறு உடன்பாடு இல்லையெனில், வண்டியைத் தன்னிடம் நிறுத்திவைக்கப் பட்டறைக்கு உரிமை உண்டு. ஆகவே தகராறு என்றால் சண்டையிட்டு வண்டியை எடுத்துவர முயல்வதைவிட, ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிவைத்துப் பணத்தைக் கட்டி வண்டியை மீட்டு, பிறகு முறையிடுவதே தெளிவான வழி.

அதே கசிவு திரும்பினால், வேறு யாரும் பிரிப்பதற்கு முன் முதலில் செய்த பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்து ஒரு வாய்ப்புத் தர வேண்டும். மறுத்தால், மற்றொரு மெக்கானிக்கைக் கொண்டு பிரித்துக் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். சீல் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது, பேரிங் மாற்றியதாகப் பில் போட்டும் பழையதே இருந்தது போன்ற குறிப்புகள் இல்லாமல், 'வண்டி சரியில்லை' என்று மட்டும் சொல்லும் புகார் நிற்காது.

முதல் படி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகள் அங்கேயே வரும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. புகாரைத் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் சரி. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதிடலாம். 2025 முதல் இ-ஜாக்ரிதி தளம் வழியே இணையத்திலும் பதியலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாகப் பிடிக்கும்.

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் அல்ல. இதைச் சொல்லியே வாடகை ஜீப் ஓட்டுபவர்களைச் சிலர் மிரட்டுவதுண்டு. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே வண்டி ஓட்டுபவரை அந்த விலக்கு தொடாது. சட்டத்தின் விளக்கக் குறிப்பே அவரை நுகர்வோராகச் சேர்க்கிறது. பத்து வண்டி வைத்துத் தொழில் நடத்துபவர்தான் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர் நிலை சற்று வேறு. வியாபாரியிடம் வாங்கி, குறையை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நம் தெருவில் குடியிருப்பவர் தன் சொந்த வண்டியை விற்றால் அவர் வியாபாரி அல்ல. அங்கே வாங்குபவரின் கண்ணே காவல். பேரம் முடியும் முன் பின் சக்கரங்களின் உட்பக்கத்தையும் டிரம் விளிம்பையும் பார்ப்பது, ஊற்றும் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்ப்பது, ஒரு நீண்ட ஓட்டத்தில் ஊளைச் சத்தத்துக்குக் காது கொடுப்பது ஆகியவற்றுக்கு அரை மணி நேரம் போதும். அடிப்பகுதி மட்டும் புதிதாகக் கழுவிக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஹவுசிங்கிலிருந்து வடித்த பழைய எண்ணெய். அது ஒரு சங்கதியாக யாருக்கும் தோன்றுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவாகவே வைத்திருக்கின்றன. சாக்கடையில் ஊற்றுவதும், மண்ணில் கொட்டுவதும் மட்டுமல்ல, கரையான் வராமலிருக்க வேலிக் கம்புக்கும் வீட்டு உத்திரத்துக்கும் பூசும் பழக்கமும் அந்த எண்ணெயில் சேர்ந்த உலோகத் துகளையும் வேதிப்பொருளையும் கிணற்றுக்கும் கைக்கும் கொண்டுசேர்க்கிறது. மூடியுள்ள டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் சேகரித்துச் சுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியும், ஊறிய பழைய ஷூவும் அதே வகைக் கழிவுதான்.